கள்ளும் கருப்பநீரும்: யாழ்ப்பாணத்துப் பனைத்தொழில் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பனை பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் புகழுரைகளாகவே அமைந்துள்ளன. 'தால விலாசம்' எனும் தமிழ்ச் செய்யுள் நூல் பனையின் பயன்களை 801 என எண்ணிக் கூறுகின்றது எனும் செய்தி கட்டுரைக்குக் கட்டுரை திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டு வருகின்றது. 1850 இல் கொழும்பில் வெளிவந்த வில்லியம் பேர்குசனின் பனை பற்றிய நூலும், 1859 இல் வெளிவந்த எமர்சன் தெனன்றின் இலங்கை பற்றிய பெருநூலும் வடபுலத்து மக்களின் வாழ்வு இம்மரத்தில் எவ்வளவு தங்கியிருந்தது என்பதை வியப்போடு விவரிக்கின்றன. நாமும் 'கற்பகதரு' என்று சொல்லி மேடைகளில் கைதட்டுப் பெறுகின்றோம். இப்புகழுரைகளிலே மரம் பேசப்படுகின்ற அளவுக்கு, அம்மரத்தில் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இறங்கிய மனிதன் பேசப்படவில்லை. அடுப்படியில் நின்று பாணி காய்ச்சிய அவன் மனைவியோ அறவே பேசப்படவில்லை.

கிராமியக் கைத்தொழில்களைச் சீர்திருத்த முனைந்தோர் பலரும் கிராமத்தவருக்கு நுட்பம் தெரியாது, ஆகவே நுட்பத்தைக் கற்பித்தால் போதும் என்னும் எடுகோளோடுதான் தொடங்கியுள்ளனர். யாழ்ப்பாணத்துப் பனைத்தொழிலின் வரலாறு இவ்வெடுகோளை ஏற்க இடந்தரவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. ஒரே பாளையிலிருந்து சொட்டும் ஒரே சாறு உணவாகவும் ஆகலாம், மதுவாகவும் ஆகலாம். அது எதுவாக ஆயிற்று என்பதைத் தீர்மானித்தவை விறகின் விலை, சீனியின் விலை, அரசிறை, மரத்தின் உடைமை என்பனவாகும்.

முதலில் தொழிலின் இயல்பைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். பனம்பாளையை இடுக்கிப் பதப்படுத்தி, நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவிவர, அதிலிருந்து இனிய சாறு சொட்டும். அதனைப் பெறும் முட்டியை வெறுமனே கட்டினால், காற்றிலும் முட்டியிலும் உள்ள நுண்ணுயிர்களால் சாறு சொட்டும்போதே நொதிக்கத் தொடங்கிக் கள்ளாகிவிடும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் நொதித்தல் தடைப்பட்டு இனிப்பு மாறாத கருப்பநீர் கிடைக்கும். பேச்சுவழக்கில் இதனையே கருப்பணி என்பர். தமிழகத்தார் பதநீர் என்பர். ஆகவே கள்ளையும் கருப்பநீரையும் பிரிப்பது ஒரு பூச்சுச் சுண்ணாம்பு மாத்திரமே. இவ்விரகசியத்தை எந்த நிபுணரும் வந்து கற்பிக்கவில்லை. நொதித்தலுக்குக் காரணம் நுண்ணுயிர் என லூயி பாஸ்டர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விளக்குவதற்கு நெடுங்காலம் முன்னரே சீவல் தொழிலாளர் அதனைக் கையாண்டு வந்தனர்.

கருப்பநீரை வடித்து, அகன்ற பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சிப் பாணியாக்கி, பதம் பார்த்து இறக்கிக் குட்டான்களில் வார்த்தால் பனங்கட்டி. பாணியைப் பலநாள் அசையாது வைத்துப் பளிங்குபடச் செய்தால் கல்லாக்காரம். பதம் பார்ப்பதென்பது எளிய காரியமன்று. சுண்ணாம்பு மிகுந்தால் கட்டி கறுத்துச் சுவை கெடும். குறைந்தால் சாறு புளித்துப் பாணி இறுகாது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்தே பெண்கள் பதம் அறிந்தனர். வெப்பமானி கொண்டு அளப்போர் இன்று கூறும் அளவுகளுக்கு அவர்களின் விரல்கள் அதிகம் பிந்தியிருக்கவில்லை.

இடர்ப்பாடு வேறிடத்தில் இருந்தது. கருப்பநீரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவிலேயே சீனி உண்டு. எஞ்சியதில் மிகப்பெரும் பகுதி நீர். ஓர் இறாத்தல் பனங்கட்டிக்காக ஏறத்தாழ ஏழு இறாத்தல் நீரை ஆவியாக்கி வெளியேற்ற வேண்டும். அதற்கு விறகு வேண்டும். பலமணிநேர உழைப்பு வேண்டும். காடற்ற குடாநாட்டில் விறகு என்றும் மலிவாகக் கிடைத்ததில்லை. காவோலையும் மட்டையும் ஊமலும் எரித்தாலும், அவையும் வேலிக்கும் கூரைக்கும் சமையலுக்கும் வேண்டியவையே. கள்ளுக்கோ விறகும் வேண்டாம், காத்திருத்தலும் வேண்டாம். காலையில் இறக்கியது மாலைக்குள் காசாகும். அன்றாடம் அரிசி வாங்கி உண்ணும் குடும்பம் இவ்விரண்டில் எதைத் தெரிந்தெடுக்கும் என்பதற்குப் பொருளியல் படித்திருக்க வேண்டியதில்லை.

இத்துடன் அரசின் நாட்டத்தையும் சேர்த்து நோக்க வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் பனை பெரிதும் மரமாகவே, அதாவது வளையும் சலாகையுமாகவே, வணிகத்துக்குரியதாய் விளங்கிற்று. யாழ்ப்பாணத்துப் பனைமரம் கடல்கடந்து சென்றது. 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமை மரங்களின் உடைமை பற்றியும் விதி கூறுவது, மரம் எத்துணை மதிப்புள்ள சொத்தாகக் கருதப்பட்டது என்பதைக் காட்டும். பிரித்தானியர் காலத்திலே மதுவருமானம் அரசிறையின் முக்கிய உறுப்புகளுள் ஒன்றாயிற்று. விற்பனை உரிமையை ஏலத்திற் கூறிக் குத்தகைக்கு விடும் முறை வேரூன்றியது. 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இத்துறையை முறையாக ஒழுங்குபடுத்திற்று. அதே ஆண்டையொட்டித் தவறணைகளின் பெருக்கத்துக்கு எதிராக நாடெங்கும் எழுந்த மதுவிலக்கு இயக்கம் இலங்கைத் தேசிய இயக்கத்தின் தோற்றுவாய்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியரால் கொள்ளப்படுகின்றது. தவறணையை நடத்தியோரையும் எதிர்த்தோரையும் பற்றி நிறைய ஆவணங்கள் உள. பனங்கட்டி காய்ச்சியோரைப் பற்றி மிகச் சிலவே உள. வரி இல்லாத பண்டத்துக்கு ஏடும் இல்லை என்பது வரலாறு எழுதப் புகுவோர் மனங்கொள்ள வேண்டியதொன்று.

இனி, மரம் யாருடையது எனும் வினாவுக்கு வருவோம். யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பில் சீவல் தொழில் ஒடுக்கப்பட்ட சமூகங்களின்மேல் சுமத்தப்பட்ட தொழிலாக இருந்தது. பனங்கூடல்களும் அவற்றின் நிலமும் பெரும்பாலும் வேறொருவருடையன. சீவுபவர் குத்தகையோ பங்கோ கொடுத்தே மரத்தில் ஏறினார். அவர் குடியிருந்த காணியும் அதே உடைமையாளனுடையதாயிருப்பின், விலை பேசுவதற்கு அவருக்கு வாய் எங்கிருந்து வரும்? நல்ல பாளை தெரிந்து பராமரித்து, மரத்தின் விளைவைப் பெருக்கினால் அடுத்த பருவத்தில் குத்தகையும் ஏறும். இத்தகைய நிலையில் தொழில்நுட்பச் சீர்திருத்தத்தில் உழைப்பவனுக்கு நாட்டம் எழாமை இயல்பே. அதனைக் 'கிராமத்தவரின் மந்தபுத்தி' எனக் கொள்வது ஆராய்ச்சியாகாது. தன் கையால் இறக்கிய கள்ளை ஊரார் குடித்தனர். அவர் கிணற்றில் தண்ணீர் அள்ளவும் அவருக்குத் தேநீர்க்கடையில் சமமாய் அமரவும் இடமிருக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 இன் சுன்னாகம் ஊர்வலமும், 1968 இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் இம்மண்ணில் நிகழ்ந்தவை. பனைத்தொழிலின் வரலாற்றை அவற்றிலிருந்து பிரித்து எழுதுவதற்கில்லை.

இங்கு ஓர் ஒப்பீடு பயனுடைத்து. இலங்கையிலே கூட்டுறவியக்கம் 1911 ஆம் ஆண்டின் சட்டத்தோடு தொடங்குகின்றது. அதில் யாழ்ப்பாணம் முன்னணியில் நின்றது, வீ. வீரசிங்கம் போன்றோரின் உழைப்பு இதற்குச் சான்று. திருவிதாங்கூர்ச் சந்தையை நம்பியிருந்த புகையிலைச் செய்கையாளர், யாழ்ப்பாண மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை 1934 இல் நிறுவினர். நிலமுடையோருக்கு 1934 இல் வாய்த்த இவ்வமைப்பு, சீவல் தொழிலாளருக்கு ஒரு பரந்த அமைப்பாக 1972 இல்தான் வாய்த்தது. இடையே 38 ஆண்டுகள். பனங்கட்டியின் தரத்தையோ முட்டியின் சுண்ணாம்பையோ கொண்டு இந்த இடைவெளியை விளக்கமுடியாது.

பாக்குநீரிணைக்கு அப்பால் அதே மரம் வேறொரு வழியிற் சென்றது. திருநெல்வேலிச் சீமையில் பனையேறிகளின் வாழ்க்கையைக் கால்டுவெல் 1849 இல் எழுதிய சிறுநூல் விவரிக்கின்றது. அதில் அச்சமூகத்தைப் பற்றி அவர் கூறியவை பிற்காலத்தில் அச்சமூகத்தாராலேயே கடுமையாக எதிர்க்கப்பட்டன என்பது தனிக்கதை. அங்கு சாறு பெருமளவில் கருப்புக்கட்டியாகவே காய்ச்சப்பட்டது. குலசேகரன்பட்டினத்தில் பாரி நிறுவனம் கருப்புக்கட்டியிலிருந்து சீனி எடுக்கும் ஆலையை நடத்தியதோடு, தேரிமணலினூடாகச் சிற்றிரயில் ஒன்றையும் ஓடவிட்டது. அவ்விரயில் 1940 இல் நின்றது. ஆலையும் நிலைக்கவில்லை. குடிசையடுப்புகள் மட்டும் தொடர்ந்து எரிந்தன. ஆலைக்குப் பண்டம் கொடுத்த கிராமத்தவருக்கு ஆலையில் பங்கெதுவும் இருக்கவில்லை என்பதையும் மனங்கொள்ள வேண்டும்.

1937 இல் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1948 அளவில் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. கள்ளிறக்குதல் தடுக்கப்பட்டபோது தொழிலிழந்தோரைப் பதநீர் இறக்கவிட்டு, வெல்லக் கூட்டுறவுச் சங்கங்களிற் சேர்க்கும் முயற்சியும் உடனிகழ்ந்தது. பனைவெல்லம் கிராமத்துக்கு ஏற்ற இனிப்பு எனக் காந்தியடிகள் வலியுறுத்தி வந்ததும், பின்னர் கதர் கிராமக் கைத்தொழில் ஆணைக்குழு அதனைத் தன் திட்டங்களுள் ஒன்றாக ஏற்றதும் இதற்குத் துணைநின்றன. ஆயினும் தமிழகம் ஒரு சொர்க்கமாயிற்று என எண்ணுதல் தவறு. சுண்ணாம்பு பூசிய முட்டியோடு இறங்கியவனும் 'கள்ளிறக்கினான்' எனக் காவலரால் பிடிக்கப்படும் அச்சம் அங்கு நெடுங்காலம் இருந்தது. சட்டம் சாற்றை உணவாக்கச் சொல்லியது. அச்சட்டத்தைக் காத்தவர்களோ ஏறியவனைக் குற்றவாளியாகவே நோக்கினர்.

இலங்கை அரசும் சீனிக்குத் தவித்த அரசே. அத்தவிப்புக்கு அது கண்ட விடை கந்தளாயிலும் ஹிங்குராணையிலும் கரும்புத் தோட்டமும் பேராலையுமாகும். பனையிலும் சீனி உண்டென்பது கொள்கை வகுப்போர் சிந்தையில் பெரிதாகத் தோன்றவில்லை. தோன்றியிருப்பினும், நூற்றுக்கணக்கான ஊர்களில் சிதறிக் கிடக்கும் மரங்களையும் அடுப்புகளையும் ஓர் ஆலையைப் போல நிருவகித்தல் இயலாதென்றே அவர்கள் எண்ணியிருப்பர்.

1970 இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வடபுலத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளருக்குப் பொற்காலமாயின என்பது பலரும் அறிந்தது. பனைத்தொழிலுக்கும் அக்காலம் ஒரு திருப்பமே. 1974 இல் உலகச் சந்தையில் சீனிவிலை என்றுமில்லாதவாறு ஏறியது. இங்கு சீனி பங்கீட்டு அட்டைக்குரிய அரும்பொருளாயிற்று. பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்த கதையை எங்கள் வீடுகளில் மூத்தோர் இன்றும் கூறுவர். வறுமையின் அடையாளமாக அவர்கள் கூறும் அதே பழக்கம், காய்ச்சியவளின் வீட்டில் கொஞ்சம் காசு புழங்கிய காலத்தின் அடையாளமுமாகும்.

இதனினும் முக்கியமானது 1972 இன் மாற்றம். நிதியமைச்சர் என். எம். பெரேராவின் காலத்தில், கள் விற்பனை உரிமை தனியார் குத்தகைக்காரரிடமிருந்து தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு மாறியது. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் எனப் பின்னர் பெயர்பெற்ற இவ்வமைப்புகளில், இறக்கியவரே உறுப்பினர், உறுப்பினரே விற்பனையாளர். இதனால் தொழிலின் நுட்பம் அணுவளவும் மாறவில்லை. அதே தளைநார், அதே பாளைக்கத்தி, அதே முட்டி. மாறியது கணக்குப் புத்தகம். நிறுத்தளந்து வாங்கும் முறையும், சேமிப்பும், நலநிதியும் ஏற்பட்டன. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பாடசாலையில் நீடித்துப் படிக்கும் வாய்ப்புக்கு இவ்வருவாயும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. இப்பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபங்களில் இன்று அமர்ந்திருப்போருள் சிலர் அதன் பேரப்பிள்ளைகளே.

எனினும் இச்சங்கங்கள் கள்ளைச் சுற்றியே கட்டப்பட்டமை ஒரு குறை எனல் வேண்டும். பருவகாலத்தில் தவறணைகளில் விலைப்படாது எஞ்சிய கள் புளித்து வீணாயிற்று. அதற்கு விடையாக அமைந்தவை திக்கம், வரணி வடிசாலைகள். மிகையான கள்ளைச் சாராயமாக்கல் அறிவுடைய செயலே. ஆனால் அதே மிகையைச் சுண்ணாம்பு முட்டியால் முன்னரே கருப்பநீராக்கிப் பொது அடுப்பொன்றில் சிக்கனமாகக் காய்ச்சியிருக்கலாம் எனும் எண்ணம் அதற்கிணையான முதலீட்டைப் பெறவில்லை. வடிசாலைக்கு ஒரு கொள்வனவாளர் காத்திருந்தார். பனங்கட்டிக்குக் காத்திருந்தது இறக்குமதிச் சீனி.

1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இவ்விரு ஆண்டுகளின் அடுத்தடுத்த நிகழ்வில் ஒரு முரண் பொதிந்துள்ளது. பனஞ்சீனிக்குக் காப்பளித்த மதிலை இடித்த பின்னரே பனைக்கென ஒரு சபை எழுந்தது. தொழிற்சங்கவாதியாய் விளங்கிய கே. சி. நித்தியானந்தா அதன் முதல் தலைவராக அமைந்தமை நற்பேறே; உழைப்பவரைத் தெரிந்த ஒருவர் அவ்வாசனத்தில் இருந்தார். சபை வடலி நடுகையையும், ஓலைக் கைப்பணிப் பயிற்சியையும், உணவு உற்பத்தியையும் ஒருங்கே மேற்கொண்டது. ஐந்தாண்டுகள் செல்லுமுன்னர் 1983 வந்தது.

இதுவரை மரத்தின் உச்சியிலிருந்து வரும் சாற்றையே பேசினோம். மரத்தின் அடியில் விழுவதையும் பேசுதல் வேண்டும். இதுவே இக்கட்டுரையாளருக்கு அதிக ஈடுபாடு தரும் பகுதி. பனம்பழம் தானே விழும். அதைப் பொறுக்க ஏறவேண்டியதில்லை, அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. பழத்தைப் பிசைந்து களியெடுத்து, பாயில் பரப்பி வெயிலில் உலர்த்தி, அதன்மேல் அடுத்தநாட் களியைப் பரப்பி, அடுக்கடுக்காக உருவாக்குவது பனாட்டு. அதைப் பாணியில் ஊறவைத்தால் பாணிப்பனாட்டு, மாதக்கணக்கில் கெடாது. விதைகளைப் பாத்தியில் அடுக்கி முளைக்கவிட்டுக் கிளறினால் கிழங்கு. கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியலை இடித்தெடுத்த மா கூழுக்கும் பிட்டுக்கும் ஆகும். இவையனைத்தும் பெண்களின் உழைப்பு. விறகு ஏறக்குறைய வேண்டாத உழைப்பு; வெயிலே அடுப்பு. மார்கழி மழை ஓய்ந்து தை, மாசியில் கிழங்கு கிளறும் முற்றங்களைக் கண்டோர், அங்கே ஓராண்டின் பஞ்சத்துக்கு எதிரான காப்புறுதி காய்ந்து கிடப்பதை உணர்வர்.

இவ்வுணவுகளுக்கு உள்ள குறையையும் மறைத்தல் தகாது. களியின் கசப்பு வெளியூராரைப் பின்வாங்கச் செய்வது. அக்கசப்புக்குக் காரணம் பிளபெலிபெரின் எனப்படும் சபோனின் வகைப் பொருள் என்பதையும், நொதியம் கொண்டு அதனை நீக்கலாம் என்பதையும் பேராசிரியர் ஈ. ஆர். ஜான்ஸ் முதலானோர் இலங்கையிலேயே நடத்திய ஆய்வுகள் காட்டின. இஃது உண்மையிலேயே கிராமத்தவர் தாமாகக் கண்டிருக்க முடியாத நுட்பம். ஆய்வுகூடம் கிராமத்துக்குக் கொடுக்கவேண்டியதும் இதுபோன்றதே. தெரிந்ததைத் திரும்பக் கற்பிக்கும் பயிற்சிப் பட்டறைகளினும் இத்தகைய ஓர் ஆய்வு மேலானது. அந்நொதியம் ஒரு சிற்றூர்ப் பெண்கள் சங்கத்தின் கைக்கு எட்டும் விலையில் வரும்வரை ஆய்வின் பயன் ஏட்டளவே என்பதும் உடன் சொல்லவேண்டியது.

போர்க்காலம் பனையை இருவகையிற் சோதித்தது. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பல்லாயிரம் மரங்கள் தறிக்கப்பட்டன. எறிகணையில் தலையிழந்து நின்ற மரங்களும் அநேகம். அதேவேளை, 1990 இன் பின் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில், மறக்கப்பட்டிருந்த ஒடியலும் பனாட்டும் பனங்கட்டியும் மீண்டும் அடுக்களைக்கு வந்தன. சவர்க்காரம் அரிதானபோது பனம்பழத்தால் துணி தோய்த்தனர்; கொடியிற் காய்ந்த உடுப்பை மாடு நக்கிய கதை அக்காலத்தவர் சொல்லிச் சிரிக்கும் கதை. எந்தச் சபையும் எந்தத் திட்டமும் அவ்வாண்டுகளில் இவ்வறிவைப் பரப்பவில்லை. கிழவிகள் பரப்பினர்.

2009 இல் போர் முடிந்தபின் தொழில் வேறொரு கட்டத்தை அடைந்துள்ளது. சீவுவோர் முதுமையடைந்து வருகின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் ஏற விரும்புவதில்லை. இதனைச் சிலர் பண்பாட்டு இழப்பாகக் கருதி வருந்துகின்றனர். அவ்வருத்தத்தில் இக்கட்டுரையாளருக்கு உடன்பாடில்லை. அறுபது அடி மரத்தில் நாளுக்கு இருமுறை உயிரைப் பணயம்வைத்து ஏறியும் ஊரில் மதிப்பிழந்து நின்ற தந்தையைக் கண்ட மகன், வேறு தொழிலைத் தேடுவது அவனது உரிமை. தொழில் நிலைக்கவேண்டுமென விரும்புவோர் ஏறுவோனுக்குரிய கூலியையும் காப்புறுதியையும் மதிப்பையும் பற்றி முதலில் பேசட்டும்.

மரத்தடி உற்பத்திகளின் நிலை வேறு. புலம்பெயர்ந்தோர் வாழும் நகரங்களின் கடைகளில் ஒடியல் மாவும் புழுக்கொடியலும் பனங்கட்டியும் பொதிகளாக அடுக்கப்பட்டுள்ளன. அங்கு அவை வறியோர் உணவாகவன்றி, ஊர் நினைவாக விலைபோகின்றன. அவ்விலையில் கிழங்கைக் கிழித்துக் காயவிட்டவளுக்குச் சேரும் பங்கு எவ்வளவு, பொதியிடுபவருக்கும் ஏற்றுமதி செய்பவருக்கும் சேர்வது எவ்வளவு என்பதை ஊர் ஊராகச் சென்று கணக்கிடும் ஆய்வை எம் துறை மாணவர் மேற்கொள்ளலாம். 1972 இல் சீவல் தொழிலாளர் தம் கைக்கு எடுத்துக்கொண்ட கணக்குப் புத்தகத்தைப் போன்ற ஒன்று, முற்றத்தில் ஒடியல் காயவிடும் பெண்களிடம் இன்னும் வந்து சேரவில்லை.